எந்த நிலையம், எந்தத் தளம், எந்த ரேக்: சேலத்திலும் கோவையிலும் பேருந்து ஏறுவோருக்கு

இருபது ஆண்டுகளுக்கு முன் வெளிநாடு சென்றவர்களின் நினைவில் இருக்கும் சேலம் பழைய பேருந்து நிலையம் இன்று இல்லை. சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ் 96.53 கோடி ரூபாய் செலவில் ஈரடுக்காகக் கட்டப்பட்டு, 2023 ஜூன் 11 அன்று திறக்கப்பட்ட புதிய கட்டடம்தான் அந்த இடத்தில் நிற்கிறது. பேருந்துகள் சாய்தளத்தில் ஏறி மேல்தளத்திலும் வந்து நிற்கின்றன. பயணிகள் லிப்டிலோ எஸ்கலேட்டரிலோ படிக்கட்டிலோ மேலே போக வேண்டும். ஊர்க்காரர்களுக்கு இது பழகிவிட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பெட்டியும் குழந்தைகளுமாக வந்து இறங்கும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் எங்கே நிற்பது என்று தெரியாமல் கால் தடுமாறுகிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கட்டடம் புத்தம் புதியதாக இருந்தாலும் ஊர்க்காரர்கள் வாயில் அது இன்றும் பழைய பேருந்து நிலையம்தான். ‘புதிய பேருந்து நிலையம்’ என்று ஆட்டோக்காரர் சொல்வது மெய்யனூரில் உள்ள எம்.ஜி.ஆர். மத்திய பேருந்து நிலையத்தை. கோட்டை மாரியம்மன் கோயிலை அடுத்துள்ள பழைய நிலையம் நகரப் பேருந்துகளுக்கானது. ஈரோடு, கோவை, திருச்சி, சென்னை என்று வெளியூர் செல்லும் பேருந்துகளுக்கு மெய்யனூருக்குத்தான் போக வேண்டும். ‘புதுசாகக் கட்டிய பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க’ என்று நாம் சொன்னால், ஓட்டுநர் தாம் அறிந்த புதிய நிலையத்தில் கொண்டுபோய் இறக்குவார். அது அவர் பிழை அன்று. ‘ஈரடுக்கு’ என்ற சொல்லையோ, ‘கோட்டைப் பக்கம் உள்ள பழைய பஸ் ஸ்டாண்டு’ என்ற தொடரையோ சொன்னால் குழப்பம் வராது. ரயில் சீட்டிலும் இதே கவனம் வேண்டும்: சேலம் ஜங்ஷன் சூரமங்கலத்தில் இருக்கிறது, சேலம் டவுன் என்பது நகருக்குள் விருத்தாசலம் பாதையில் உள்ள வேறொரு சிறிய நிலையம்.

அடுக்கு நிலையத்துக்குள் நுழைந்ததும் பலரும் செய்வது, கூட்டம் போகும் பக்கமாகப் போவது. அப்படிச் செய்யாதீர்கள். நுழைவாயிலில் ஓரமாக நின்று, போக வேண்டிய ஊரைச் சொல்லி, பேருந்து மேலே நிற்குமா கீழே நிற்குமா என்பதை மட்டும் முதலில் கேளுங்கள். எந்த ரேக், அதாவது பேருந்து வந்து நிற்கும் எண்ணிட்ட இடம், என்பதை அந்தத் தளத்துக்குப் போன பிறகு கேட்டுக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாகக் கேட்டால், பதில் சொல்பவர் ரேக்கின் எண்ணைச் சொல்லிவிட்டுத் தளத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவார்; அவருக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய செய்தியே அன்று. எனக்கு அப்படி ஒருமுறை நேர்ந்தது. மூட்டு வலியுள்ள அம்மாவை மேல்தளத்துக்கு அழைத்துச் சென்று, சரியான எண்ணுள்ள ரேக்கில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்திருந்தேன். எங்கள் ஊர்ப் பேருந்து அதற்குள் கீழ்த்தளத்திலிருந்து இரண்டு முறை புறப்பட்டுப் போயிருந்தது. அம்மா ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. அதுதான் இன்றும் மனத்தை உறுத்துகிறது.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். பேருந்து நிலையங்களில் டைம் கீப்பர் என்று ஒருவர் இருப்பார். பேருந்துகள் வந்து போகும் நேரத்தைக் குறித்துக்கொள்வது அவர் வேலை. நடத்துநர்கள் கையில் தாளோடு எந்தச் சிறிய அறையை நோக்கி நடக்கிறார்களோ அங்கே அவரைப் பார்க்கலாம். அவர் சொல்வது உறுதியான தகவல். அவரைக் காணாவிட்டால், ரேக்கில் நிற்கும் ஏதாவது ஒரு பேருந்தின் நடத்துநரைக் கேளுங்கள். அவர் பேருந்து உங்கள் ஊருக்குப் போகாவிட்டாலும், போகும் பேருந்து எங்கே நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். பக்கத்தில் காத்திருக்கும் பயணியைக் கேட்பது கடைசி வழியாக இருக்கட்டும்; அவரும் உங்களைப் போல வெளியூர்க்காரராக இருக்கலாம்.

கேட்கும் விதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. ‘இது ராசிபுரம் போகுமா?’ என்று கேட்டால், வேறு ஊர் வழியாகச் சுற்றிப் போகும் பேருந்தாக இருந்தாலும் ‘போகுமுங்க’ என்று மரியாதைக்காகச் சொல்லிவிடுவார்கள். ‘ஏனுங்கண்ணா, இது எந்த வழியாப் போகுதுங்க?’ என்று கேட்டால் உண்மையான பதில் வரும். எத்தனை ஆண்டு வெளிநாட்டில் இருந்தாலும் அந்த ‘ங்க’ மட்டும் நாவில் நின்றிருந்தால், கொங்கு நாட்டில் பாதி வேலை முடிந்தது. குழந்தைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்து அழைத்து வாருங்கள். ‘அண்ணா’, ‘அக்கா’ என்று தொடங்கி ‘ங்க’ என்று முடிக்கும் பிள்ளையை இருக்கை வரை கைபிடித்துக் கொண்டுபோய் உட்கார வைக்கும் நடத்துநர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வழியைக் கேட்பது ஏன் முக்கியம் என்பதற்குச் சேலம் – கோவைப் பயணமே நல்ல சான்று. ஈரோடு நகருக்குள் போய்ச் செல்லும் பேருந்தும் உண்டு. சங்ககிரி தாண்டிப் புறவழியிலேயே பவானி, பெருந்துறை, அவினாசியைத் தொட்டும் தொடாமலும் செல்லும் பேருந்தும் உண்டு. இரண்டாவது வகையை ‘பைபாஸ்’ என்றே கூவி அழைப்பார்கள். கோவைக்கே போவதாக இருந்தால் அது விரைவு. ஆனால் பவானிக்குப் போக வேண்டியவர் அதில் ஏறினால், பல நேரங்களில் நெடுஞ்சாலையோரம் லட்சுமி நகரில் இறங்கி வேறு பேருந்து பிடிக்க வேண்டியிருக்கும். இரவில் முதியவர்களோடும் பெட்டிகளோடும் அந்த ஓரத்தில் நிற்பது நல்லதன்று. ஏறுமுன் ‘ஊருக்குள்ள போகுங்களா, பைபாஸ்ல எறக்கி விடுவீங்களா?’ என்று கேட்டுவிடுங்கள்.

இனி பெயர்ப் பலகை. அரசுப் பேருந்தோ தனியார் பேருந்தோ, முகப்பில் எழுதியிருப்பது பெரும்பாலும் தமிழில் மட்டுமே. வெளிநாட்டில் வளர்ந்து, தமிழைப் பேச மட்டும் தெரிந்த பிள்ளைகள் இங்கே எழுத்தில்லாதவர்களைப் போல நிற்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். போகிற ஊரின் பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள். அந்தத் தாளையும் வரும் பேருந்தின் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்து எழுத்தை ஒப்பிடும் பிள்ளை, பேருந்தைப் பிடிப்பதோடு ஐந்தாறு எழுத்தையும் கற்றுக்கொள்ளும். ஆனால் முழுப் பெயரை மட்டும் எழுதினால் போதாது. கோபிசெட்டிபாளையம் பலகையில் ‘கோபி’ ஆகிவிடும், சத்தியமங்கலம் ‘சத்தி’, உடுமலைப்பேட்டை ‘உடுமலை’, கோயம்புத்தூர் ‘கோவை’. இரண்டு வடிவத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ‘பாளையம்’ என்று முடிவதைக் கொண்டு மட்டும் ஏறிவிடக் கூடாது. மேட்டுப்பாளையமும் குமாரபாளையமும் வெவ்வேறு திசை, கொங்கு நாட்டில் பாளையங்களுக்குக் குறைவில்லை.

நகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண அரசுப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை. கட்டணம் இல்லை என்றாலும் நடத்துநர் தரும் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தனியார் நகரப் பேருந்துகளுக்கு இது பொருந்தாது. சேலத்திலும் கோவையிலும் தனியார் பேருந்துகள் நிறைய ஓடுவதால், அம்மாவும் மனைவியும் ஏறியபின் சீட்டுக் கேட்கிறார்களே என்று மனத்தாங்கல் கொள்ள வேண்டாம். கையில் பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் இருக்கட்டும். விமான நிலையத்தில் மாற்றிய 500 ரூபாய்த் தாளை நெரிசலான நேரத்தில் நீட்டினால், மீதியைச் சீட்டின் பின்புறம் எழுதித் தருவார்கள். இறங்கும்போது மறக்காமல் கேட்டு வாங்க வேண்டும்.

எஸ்கலேட்டரைப் பற்றி ஒரு சொல். ஊரில் இருக்கும் பெரியவர்களில் பலர் அதில் ஏறிப் பழகாதவர்கள். சேலைக் கொசுவமும் பட்டுப்பாவாடையின் விளிம்பும் பற்களில் சிக்கும் ஆபத்தும் உண்டு. நாம் வெளிநாட்டு வழக்கத்தில் முன்னே ஏறிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறோம். அவர்கள் கீழே தயங்கி நிற்கிறார்கள். அவர்களை லிப்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். மேல்தளத்தில் மற்றொரு எச்சரிக்கையும் தேவை. பேருந்துகள் பின்னோக்கி வந்துதான் ரேக்கை விட்டுத் திரும்பும். நடைமேடையின் விளிம்பில் பெட்டியை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு ரேக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுதளத்தின் குறுக்கே போகாமல் நடைமேடையிலேயே சுற்றிப் போக வேண்டும். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் தயங்காமல் தாய்மார்கள் பாலூட்டும் அறையைக் கேளுங்கள். 2015 முதல் தமிழகப் பேருந்து நிலையங்களில் இந்த அறைகள் அமைக்கப்பட்டு வருகின்றன.

கோவையின் சிக்கல் வேறு வகை. அங்கே அடுக்கைவிடத் திசைதான் பயணியைக் குழப்பும். ஈரோடு, சேலம், திருப்பூர், சத்தி போன்ற ஊர்களுக்குக் காந்திபுரம் மத்திய பேருந்து நிலையம். அதற்கு அருகிலேயே நகரப் பேருந்து நிலையமும் அரசு விரைவுப் பேருந்து நிலையமும் தனித்தனியாக உள்ளன. பொள்ளாச்சி, பழனி, பாலக்காடு என்றால் உக்கடம். மதுரை, திருச்சி, அதற்குத் தெற்கே என்றால் சிங்காநல்லூர். ஊட்டிக்கு மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையம். ‘கோவை பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்’ என்று தொலைபேசியில் சொன்னால் மாமாவால் வந்து சேர முடியாது. ரயிலில் வருவோர் சீட்டில் கோயம்புத்தூர் ஜங்ஷன் என்றிருக்கிறதா போத்தனூர் என்றிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூர், சார்ஜா, அபுதாபியிலிருந்து நேரே கோவையில் இறங்குவோர் நகரப் பேருந்தில் வர விரும்பினால், விமான நிலையத்திலிருந்து அவினாசி சாலைக்கு வந்து ‘சித்ரா’ நிறுத்தத்தில் ஏற வேண்டும். பெட்டிகள் அதிகமென்றால் டாக்சியே நல்லது. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு 2025 அக்டோபரில் ஜி.டி. நாயுடு பெயரில் மேம்பாலம் திறக்கப்பட்டுவிட்டதால், வண்டி மேலேயே போய்விடக்கூடும். நீங்கள் அடையாளம் வைத்திருந்த கல்லூரியும் கடையும் கீழே கண்ணில் படாமல் கடந்து போகும். இடையில் எங்காவது இறங்க வேண்டியிருந்தால், பாலத்தில் ஏறுமுன்பே ஓட்டுநரிடம் சொல்லிவிட வேண்டும்.

நாள் பார்த்து வருவதும் பேருந்து பிடிப்பதில் சேர்ந்ததுதான். தீபாவளி, பொங்கல் நெரிசல் எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டிலிருப்பவர்கள் மறந்துபோவது முகூர்த்த நாட்களை. நாள்காட்டியில் வளர்பிறை முகூர்த்தம் என்று போட்டிருந்தால், அன்று அதிகாலையிலும் மதிய விருந்துக்குப் பின்னரும் கொங்கு நாட்டின் எந்தப் பேருந்திலும் நிற்கக்கூட இடம் கிடைப்பது கடினம். தைப்பூசத்தை ஒட்டிப் பழனிப் பக்கமும், ஆடி 18 அன்று பவானிப் பக்கமும், ஆடித் திருவிழாவின்போது சேலம் கோட்டைப் பக்கமும் அப்படியே. அந்த நாட்களில் சிறப்புப் பேருந்துகள் வழக்கமான ரேக்கை விட்டு வேறிடத்தில் நிற்பதும் உண்டு. அன்று பலகையை நம்பாமல் டைம் கீப்பரையே கேளுங்கள்.

உங்களை அழைத்துப்போக வருபவர்களோடு இடத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒலிபெருக்கியும் ஹாரனும் சேரும் இரைச்சலில் கைப்பேசியில் வழி சொல்ல முடியாது. மேல்தளத்தில் இறங்கினாலும் நீங்களே லிப்டில் கீழே வந்து, சாலையைப் பார்த்த வாசலில், ஒரு கடையின் பெயரைச் சொல்லி அங்கே நில்லுங்கள். எழுபது வயது மாமாவும் அத்தையும் உங்களைத் தேடிப் படியேறி வரும்படி விட வேண்டாம்.