காரைக்குடிக்கு முதல் தடவை: தங்க, சாப்பிட, சுற்ற, வாங்க ஒரு ரெண்டு நாள் திட்டம்

முதல் தடவை காரைக்குடிக்குப் போனபோது என் கையில் ஒரு பட்டியல் இருந்தது. பார்க்க வேண்டிய இடங்கள், மொத்தம் பதினொன்று. மதியம் ஒன்று பத்துக்கு ஒரு கோயில் வாசலில் போய் இறங்கினோம், நடை சாத்தியாகிவிட்டது. சரி, சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று, வீட்டுச் சமையலுக்குப் பேர்போன இடம் என்று யாரோ சொன்ன ஒன்றைத் தேடிப் போனால், "நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இலை போட்டிருப்போமே" என்றார் வாசலில் இருந்த பெரியவர். அவர் மேல் தப்பே இல்லை. அப்புறம் நாலு மணி வரைக்கும் ஒரு புளியமரத்தடியில் காரை நிறுத்திவிட்டு, மே மாத வெயிலில், பிஸ்கட் தின்றுகொண்டிருந்தோம்.

அன்றைக்குப் புரிந்தது, இந்த ஊரை இடங்களை வைத்துத் திட்டமிடக் கூடாது, மதியத்தை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். கோயில், சாப்பாடு, வெயில் எல்லாமே மதியத்தில் வந்துதான் முட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் நாலு தடவை போய்வந்தாயிற்று. முதல்முறை போகிறவர்களுக்காக, எந்த வரிசையில் முடிவெடுக்க வேண்டுமோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: மாதம், வண்டி

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம், மேலே சொன்ன கதை போதும்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் வசதி. எழும்பூரில் பிற்பகல் கிளம்பி, திருச்சி வழியாக, இரவு பத்து மணிக்கு மேல் காரைக்குடி வந்து சேரும். இங்கேயேதான் அது முடிகிறது என்பதால் தூங்கிப்போய் ஊரைத் தாண்டிவிடுவோமோ என்ற பயம் இல்லை. திரும்பும் வண்டி விடியற்காலையில். ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் தொடங்கும், பொங்கல் சமயம் என்றால் அன்றைக்கே உட்கார்ந்து போட்டுவிடுங்கள். விமானத்தில் வருகிறவர்கள் திருச்சியிலோ மதுரையிலோ இறங்கலாம், இரண்டுமே ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான்.

படி 2: டவுனிலா, கிராமத்திலா?

எல்லோரும் முதலில் ஹோட்டல் விலையைப் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, எங்கே தங்குகிறோம் என்பது.

செட்டிநாடு என்பது ஒரே ஊர் இல்லை. நகரத்தார் என்ற செட்டியார் வணிகர்கள் வாழ்ந்த எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. காரைக்குடி அதில் பெரிய ஊர், பஸ் ஸ்டாண்டு, லாட்ஜ், கடைவீதி எல்லாம் இங்கே. கையில் வண்டி இல்லாதவர்கள், பட்ஜெட் குறைவானவர்கள், இரவு பத்தரைக்கு ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் காரைக்குடிக்குள்ளேயே அறை எடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

கிராமத்தில், கானாடுகாத்தான் பக்கம் தங்குவது வேறு அனுபவம். பழைய வீடுகளையே விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். கானாடுகாத்தானில் விசாலம், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், திருமயம் பக்கம் சிதம்பர விலாஸ் என்று சில. ஒரு இரவுக்குப் பல ஆயிரம் ஆகும். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு, வந்த கூட்டம் எல்லாம் போனபிறகு, அந்தத் தெருக்களில் நடக்கிறது இருக்கிறதே, அது டவுனில் தங்கினால் கிடைக்காது. கிராமத்தில் ஒரு இரவு, மற்றது டவுனில் என்று பிரித்துக்கொள்வதுதான் என் யோசனை. வந்து இறங்கும் இரவு டவுன், கடைசி இரவு கிராமம். மாற்றிச் செய்யாதீர்கள், நடுராத்திரியில் கிராமத்துக்கு ஆட்டோ தேடுவது பெரும்பாடு.

படி 3: இப்போதே போன் போட்டு மதியச் சாப்பாட்டைச் சொல்லிவையுங்கள்

அறை போட்டதும் செய்ய வேண்டிய அடுத்த வேலை இது. பாரம்பரிய விடுதிகளில் வெளியாட்களுக்கும் மதியம் இலை போடுவதுண்டு, காரைக்குடியில் தி பங்களா அதற்குப் பேர்போனது. ஆனால் எண்ணிக்கை தெரிந்துதான் சமைப்பார்கள். அதனால் குறைந்தது முதல்நாளே சொல்ல வேண்டும். சைவமா அசைவமா, எத்தனை பேர், எத்தனை மணிக்கு, இந்த மூன்றையும் சொல்லி, விலையையும் கேட்டுக்கொள்ளுங்கள். டவுனில் மெஸ்கள் நிறைய இருக்கின்றன, அங்கே சொல்லிவைக்கத் தேவையில்லை, பன்னிரண்டரைக்குப் போனால் எல்லாம் சூடாக இருக்கும், இரண்டரைக்குப் போனால் குழம்பும் அப்பளமும் மிஞ்சியிருக்கும்.

ஊர் ஊராகப் போர்டில் "செட்டிநாடு" என்று எழுதி, சிவக்கச் சிவக்க எண்ணெய் மிதக்கும் ஒரு குழம்பை நமக்குப் பழக்கிவிட்டார்கள். இங்கே வந்து சாப்பிட்டால் அந்த எரிச்சல் இருக்காது. மிளகும் சோம்பும் முன்னே வரும், கல்பாசி, மராட்டி மொக்கு வாசனை பின்னால் வரும். கோழி உப்புவறுவல், சுக்கா, நண்டு ரசம் எல்லாம் தெரிந்த பெயர்கள், அவை எப்படியும் இலைக்கு வந்துவிடும். நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டியது மண்டி. அரிசி களைந்த தண்ணீரில் வெண்டைக்காயோ கத்தரிக்காயோ போட்டு, புளியும் பச்சைமிளகாயுமாகச் செய்வது. பார்க்க ஒன்றும் இருக்காது, சாப்பிட்டால் விட மனம் வராது. கடைசியில் கவுனி அரிசி வந்தால் கொஞ்சம் வயிற்றில் இடம் வைத்திருங்கள். கறுப்பரிசி, சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய், அவ்வளவுதான். பர்மாவுக்கு வட்டித்தொழிலுக்குப் போனவர்கள் கொண்டுவந்த பழக்கம் என்பார்கள்.

சாயங்காலம் வேறு கணக்கு. வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும், அப்புறம் கந்தரப்பம். ராத்திரிக்கு இடியாப்பம் போதும். மதியம் அப்படிச் சாப்பிட்டவர்களுக்கு அதுவே அதிகம்.

படி 4: முதல் நாள், வடக்கே

திருச்சி சாலையில் போனால் கானாடுகாத்தான் சுமார் 15 கிலோமீட்டர், அதையும் தாண்டி திருமயம். ஒரே சாலை. அதனால் ஒரு நாளுக்கு ஒரு கார் பேசிவிடுங்கள். பேசும்போது போகும் ஊர்ப் பெயர்களை எல்லாம் வரிசையாகச் சொல்லி, வெயிட்டிங்கும் சேர்த்தா என்று கேட்டுவிட வேண்டும். "அண்ணே, ஆத்தங்குடியும் போயிட்டு வந்துருவோம்" என்று நடுவில் சேர்த்தால் சாயங்காலம் கணக்கு இடிக்கும், இரண்டு பேருக்கும் மனக்கசப்பு.

தூரமாக இருப்பதை முதலில் முடியுங்கள். திருமயம் கோட்டை 1687இல் கிழவன் சேதுபதி கட்டியது. பாறை மேலேயே ஏறிப் போகிறது, உச்சியில் ஒரு பீரங்கி. வெயில் ஏறிவிட்டால் பாறை சுடும், எட்டரை ஒன்பதுக்கெல்லாம் அங்கே இருக்கப் பாருங்கள். இறங்கினதும் அதே மலையைக் குடைந்த சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும் சத்தியகிரீஸ்வரர் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பள்ளிகொண்ட பெருமாளைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள், பெரும்பாலானவர்கள் கோட்டையில் செல்ஃபி எடுத்துவிட்டு அப்படியே காரில் ஏறிவிடுகிறார்கள்.

அங்கிருந்து திரும்பி கானாடுகாத்தான். செட்டிநாட்டு ராஜாவின் அரண்மனை இங்கேதான், பெரும்பாலும் வெளியே நின்று பார்ப்பதோடு சரி. ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் வீடுகள் இருக்கின்றன. ஒன்றைப் பார்த்தால் போதும், அவசரமாக நாலு வீட்டைப் பார்ப்பதைவிட ஒரே வீட்டில் ஒரு மணி நேரம் இருப்பது மேல். முகப்பில் நின்று நேரே பாருங்கள், வளவு என்கிற முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய், கடைசி வாசல் அடுத்த தெருவில் திறக்கும். தூண் பர்மா தேக்கு, தரை இத்தாலிய மார்பிள். சுவரைத் தொட்டுப் பாருங்கள், சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்தது, இத்தனை வருஷம் கழித்தும் கை வழுக்கும்.

ஒரு சின்ன விஷயம். இவை மியூசியம் இல்லை. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள், ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு நாட்டில். கல்யாணம், முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு என்றால் எல்லோரும் வந்து சேருவார்கள், அன்றைக்கு உள்ளே விடமாட்டார்கள். செருப்பைத் திண்ணைக்கு வெளியே விடுங்கள், படம் எடுக்கலாமா என்று கேளுங்கள், பூட்டியிருக்கும் அறைக் கதவைத் தள்ளிப் பார்க்காதீர்கள். பார்த்துக்கொள்கிற ஆச்சியோ அண்ணனோ பேச்சுக் கொடுத்தால் நின்று கேளுங்கள், போர்டில் எழுதாத கதை எல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது.

மதியச் சாப்பாடு இந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும். முடித்துக்கொண்டு மூன்று மணி சுமாருக்கு ஆத்தங்குடி. முதலில் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் (டைல்ஸ்) செய்யும் பட்டறை. சட்டத்துக்குள் ஒரு கண்ணாடித் துண்டு, அதன்மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அப்புறம் ஈரக் கலவையைப் போட்டு அமுக்குகிறார்கள். சூளை கிடையாது. தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, கண்ணாடியை எடுத்தால் அந்தப் பக்கம் பளபளவென்று இருக்கும். அந்த மினுமினுப்பு பாலிஷ் இல்லை, கண்ணாடி கொடுத்தது. எனக்கு இந்தப் பயணத்தில் பிடித்த அரைமணி நேரம் இதுதான், கோட்டையைவிட. வேலை நடக்கிற நாளா என்று முன்பே கேட்டுப் போங்கள். பட்டறையைப் பார்த்துவிட்டு ஊருக்குள் இருக்கும் பெரிய வீட்டுக்குப் போனால், எந்தக் கல் எப்படி உருவானது என்று தெரிந்து தரையைப் பார்ப்பீர்கள்.

ஆசைப்பட்டுக் கல் வாங்குகிறவர்களுக்கு: ஒரு கல் இரண்டு கிலோ பக்கம் கனக்கும். சூடான பாத்திரம் வைக்க ரெண்டு கல் போதும். வீட்டுக்கே போட வேண்டும் என்றால் மாதிரி மட்டும் எடுத்துக்கொண்டு, சதுர அடிக் கணக்கோடு போனில் பேசி, லாரியில் வரவழையுங்கள். பதிக்கத் தெரிந்த ஆளும் அங்கிருந்தே வருவது நல்லது, சாதாரண டைல்ஸ் பதிக்கிற கைக்கு இது படியாது.

படி 5: இரண்டாம் நாள், மேற்கே, காலையிலேயே

திருப்பத்தூர் சாலையில் முதலில் குன்றக்குடி, அடுத்து பிள்ளையார்பட்டி, கொஞ்சம் தள்ளி வைரவன்பட்டி. இந்தச் சாலையில் பஸ் அடிக்கடி உண்டு, கார் அவசியமில்லை. பிள்ளையார்பட்டிக்கு முதலில் போய்விடுங்கள், குடைவரைக்குள் இரண்டு கைகளோடு, வலப்பக்கம் துதிக்கை வளைந்த கற்பக விநாயகர், கூட்டம் சேருமுன் பார்த்தால் நின்று பார்க்கலாம். சதுர்த்தி அன்று போகிறீர்கள் என்றால் இந்த வாக்கியத்தை மறந்துவிடுங்கள். வைரவன்பட்டியில் கூட்டமே இருக்காது, சிற்பம் பிடித்தவர்கள் அங்கே நேரம் கொடுங்கள். திரும்பும் வழியில் குன்றக்குடி முருகன், படியேற வேண்டும், மலையடியில் இருக்கும் குடைவரைகளையும் விடாதீர்கள். பன்னிரண்டரைக்குள் எல்லாம் முடிய வேண்டும். அப்புறம் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான்.

படி 6: கடை

மதியம் தூங்கி எழுந்து நாலு மணிக்கு முனீஸ்வரன் கோயில் தெரு. பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும். எனாமல் தூக்குச்சட்டி, ஊறுகாய் ஜாடி, ரவிவர்மா அச்சுப்படம், கதவு, தூண், ஜன்னல், பித்தளைப் பூட்டு. முதல் கடையில் வாங்காதீர்கள், மூன்று கடை ஏறி இறங்கி விலையைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். "இது பழசா, பழசு மாதிரி செஞ்சதா?" என்று நேராகவே கேட்கலாம், நான் கேட்ட எல்லோருமே உள்ளதைச் சொன்னார்கள். எனாமல் என்றால் அடியைத் திருப்பி முத்திரையைப் பாருங்கள், துரு உள்பக்கம் இருந்தால் அலமாரிக்கு மட்டும்தான் ஆகும். வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க: நூறு வருஷம் தாண்டிய பழம்பொருளை அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1972ஆம் வருஷச் சட்டம் விடாது.

சேலை வாங்குகிறவர்களுக்குக் கண்டாங்கி. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பருத்திச் சேலை, பட்டையான கரை, பெரிய கட்டம், மஞ்சளும் அரக்கும் கறுப்புமாக. கைத்தறியா என்று பார்க்க, சேலை ஓரத்தைத் தடவுங்கள், நெய்யும்போது துணியை இழுத்துப் பிடிக்கிற ஊசி குத்திய சின்னச் சின்ன ஓட்டைகள் ஓரம் நெடுக இருக்கும். முதல் துவைப்பைத் தனியாகப் போடுங்கள். என் வெள்ளை வேட்டி இரண்டு, இப்போது வெள்ளை இல்லை.

படி 7: பலகாரம்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், கடைசியில்தான் வாங்க வேண்டும். தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம். எடுத்துக் கொறிக்கக் கொடுப்பார்கள், கூச்சப்படாமல் கொறித்துப் பார்த்து வாங்குங்கள். தேன்குழல் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கும், ஆனால் பையின் அடியில் வைத்தால் ஊர்போய்ச் சேரும்போது தூள்தான். கவுனி அரிசியும் ஒரு கிலோ எடுத்துக்கொள்ளுங்கள், இரவு முழுக்க ஊறவைத்து, ஊறவைத்த தண்ணீரிலேயே வேகவைக்க வேண்டும், நிறம் அதில்தான் இருக்கிறது.

கடைசி இரவு கிராமத்தில் தங்கி, மறுநாள் பல்லவனில் திரும்புகிறவர்கள், பலகாரக் கடை அந்த விடியற்காலையில் திறந்திருக்காது என்பதை ஞாபகத்தில் வைத்து, டவுனை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கி வண்டியில் ஏற்றிவிடுங்கள். ஸ்டேஷனுக்குக் காரையும் முதல்நாள் ராத்திரியே சொல்லிவிட வேண்டும், நாலரை மணிக்கு வாசலில் நிற்கச் சொன்னால் அந்த ஊரில் நாலேகாலுக்கே வந்து ஹாரன் அடிப்பார்கள்.