வீட்டிலேயே பிபி பார்ப்பது எப்படி, எது வரை நார்மல்?

மருந்துக்கடையில் ஒருமுறை பார்த்து 150/90 வந்ததும் ‘எனக்கு பிபி வந்துடுச்சு’ என்று கலங்குகிறார்கள் சிலர். மாத்திரை சாப்பிடுபவரோ, 128 வந்த நாளில் ‘சரியாகிவிட்டது’ என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார். ஒரே ஒரு அளவை நம்பியதுதான் இரண்டுக்கும் காரணம். ரத்த அழுத்தம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கக்கூடியது. மாடிப்படி, காபி, கோபம், அடக்கிவைத்த சிறுநீர் எல்லாமே அதை நகர்த்தும். அதனால் முறையாகப் பார்த்து, ஒரு வாரம் எழுதி, சராசரி எடுத்த பிறகுதான் ‘நார்மலா’ என்ற கேள்விக்கே போக முடியும்.

மிஷின் காட்டும் மூன்று எண்கள்

மேலே இருப்பது சிஸ்டாலிக்: இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாயில் இருக்கும் அழுத்தம். நடுவில் இருப்பது டயஸ்டாலிக்: அடுத்த துடிப்புக்கு முன் இதயம் தளர்ந்திருக்கும்போது உள்ள அழுத்தம். இவற்றை மேல் பிபி, கீழ் பிபி என்கிறோம். கடைசி எண் நாடித்துடிப்பு; அது பிபி அளவு அல்ல. மிஷினில் பாதரசமே இல்லாவிட்டாலும் அழுத்தத்தை இன்றும் மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில்தான் சொல்கிறோம்.

படி 1: மிஷினைவிடக் கைப்பட்டை முக்கியம்

மேல்கையில் கட்டும் டிஜிட்டல் மிஷின் வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது, கை இருக்கும் உயரத்தைப் பொறுத்து எண்ணை மாற்றிக் காட்டும். விரலில் மாட்டுவது வேண்டவே வேண்டாம். வாங்கும் மாடல் சோதித்து ஏற்கப்பட்டதா என்று ஸ்ட்ரைட் பிபி இணையதளப் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது பட்டையின் அளவு. பலர் கோட்டைவிடும் இடம் இது. தோள் எலும்பு முனைக்கும் முழங்கைக்கும் நடுவில் தையல் டேப்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். மிஷினோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரை உள்ள கைக்குத்தான் பொருந்தும். உங்கள் கை 35 செ.மீ. என்றால் அந்தப் பட்டை ரத்தக்குழாயை அழுத்தக் கூடுதல் காற்று தேவைப்படும். இல்லாத பிபியை இருப்பதாகக் காட்டும். பெரிய பட்டையைத் தனியாக வாங்குங்கள். ஒல்லியான கைக்குப் பெரிய பட்டை போட்டால் நேர்மாறாக, அளவு குறைந்து தெரியும்.

படி 2: பார்ப்பதற்கு முன் அரை மணி நேரம்

காபி, டீ, சிகரெட், நடைப்பயிற்சி எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை மட்டுமே மேல் அளவில் சுமார் 10 கூட்டிவிடும். பிறகு 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்காருவது ஓய்வு ஆகாது.

படி 3: உட்காரும் விதம், கட்டும் விதம்

முதுகு சாய்ந்திருக்க நாற்காலி வேண்டும். கட்டில் ஓரமோ, ஸ்டூலோ சரிவராது. இரண்டு பாதமும் தரையில் படியட்டும். கால்மேல் கால் வேண்டாம்.

கையை மேசையில் வைத்து, தேவைப்பட்டால் ஒரு தலையணையை அடியில் கொடுத்து, பட்டை நெஞ்சின் நடு உயரத்துக்கு வருமாறு செய்யுங்கள். கை 10 செ.மீ. கீழே இருந்தால் அளவு 7 முதல் 8 வரை கூடும், மேலே இருந்தால் அதே அளவு குறையும். மடியில் கையை வைத்துப் பார்ப்பவர்களுக்கு பிபி எப்போதும் அதிகமாகவே வருவதன் ரகசியம் இதுதான்.

சட்டைக் கையின் மேல் கட்டக் கூடாது. சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே கயிறு போல இறுக்கும், கையை வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, முழங்கை மடிப்பில் நடுவிலிருந்து சற்றே உள்பக்கம், அதாவது சுண்டுவிரல் பக்கம், இரண்டு விரலால் அழுத்தினால் நாடி தட்டுப்படும். பட்டையில் உள்ள அம்புக்குறி அந்த நாடிக்கு நேராக வர வேண்டும். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்பிலிருந்து 2 அல்லது 3 செ.மீ. மேலே. ஓரத்தில் இரண்டு விரல் நுழைந்தால் சரியான இறுக்கம்.

பொத்தானை அழுத்தியபின் பேச்சு கூடாது. பக்கத்தில் இருப்பவர் ‘எவ்வளவு வருது?’ என்று கேட்க, நீங்கள் பதில் சொன்னால் அந்த அளவை அழித்துவிட வேண்டியதுதான்.

படி 4: இரண்டு முறை, இரண்டு வேளை, ஏழு நாள்

முதல்நாள் இரண்டு கையிலும் பாருங்கள். எந்தக் கையில் கூடுதலோ, இனி அதே கை. மேல் அளவில் 10-க்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கலாம்.

காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்பு, மாலையில் இரவு உணவுக்கு முன்பு. ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. முதல் அளவு கூடுதலாக வருவது வழக்கம்தான். ‘நல்லதாக’ வரும்வரை பார்த்துக்கொண்டே போகாதீர்கள். வந்ததை வந்தபடி, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள்.

ஏழு நாள் முடிந்ததும் முதல்நாள் கணக்கை விட்டுவிடுங்கள். மிச்சம் 6 நாளுக்கு 24 அளவுகள். உதாரணத்துக்கு, மேல் அளவுகளின் கூட்டுத்தொகை 3,192 என்றால் 24-ஆல் வகுக்க 133. கீழ் அளவுகள் 1,992 என்றால் 83. ஆக உங்கள் பிபி 133/83. இடையில் ஒருநாள் 148 வந்திருக்கலாம், இன்னொரு நாள் 121 வந்திருக்கலாம். அவை தனியாக எதையும் சொல்வதில்லை.

படி 5: இந்த எண் நார்மலா?

இங்கேதான் குழப்பம் வரும், ஏனென்றால் எல்லைக்கோடு ஒன்றல்ல. 120/80-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலான கணக்குகளில் நார்மல். மருத்துவமனையில் வேறு வேறு நாளில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் உயர் ரத்த அழுத்தம்; நம் ஊர் மருத்துவர்கள் பெரும்பாலும் இந்தக் கோட்டைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் வீட்டில் மனம் அமைதியாக இருக்கும் என்பதால் வீட்டுச் சராசரிக்கு எல்லை 135/85. அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2017-இல் எல்லையை 130/80-க்குக் கொண்டுவந்துவிட்டன.

அப்படியானால் நம் 133/83? வீட்டு எல்லைக்குள் இருக்கிறது, அமெரிக்கக் கணக்கில் தாண்டிவிட்டது. இந்த இடத்தில் எண் மட்டும் தீர்மானிக்காது. சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் 130/80-க்குக் கீழே கொண்டுவரவே மருத்துவர் முயல்வார். வேறு எதுவும் இல்லாதவருக்கு உப்பு, எடை, நடை, மது ஆகியவற்றைச் சரிசெய்து, சில மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்.

இரண்டில் ஒன்று தாண்டினாலும் கணக்கு உண்டு. வயதானவர்களுக்கு 158/72 என்று வரும். ‘கீழ நார்மல்தானே’ என்று விடக் கூடாது. குழாய்கள் விறைத்துப்போவதால் மேல் அளவு மட்டும் ஏறுகிறது. ‘வயசோட நூறைக் கூட்டிக்கோ, அதுதான் நார்மல்’ என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அந்தக் கணக்குப்படி 70 வயதுக்காரருக்கு 170 நார்மலாகிவிடும்! மறந்துவிடுங்கள்.

மருத்துவமனையில் மட்டும் ஏறி வீட்டில் சரியாக இருப்பவர்களும், நேர்மாறாக அங்கே நார்மலாக இருந்து வீட்டில் ஏறுபவர்களும் உண்டு. இரண்டாவது வகைதான் ஆபத்து, யாரும் கண்டுபிடிப்பதில்லை. தலைவலி, மயக்கம் வந்தால்தான் பிபி என்று காத்திருப்பதும் வீண். பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது.

உடனே போக வேண்டிய அளவுகள்

180/120-ஐத் தாண்டினால், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், கை கால் மரத்தல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். எதுவும் இல்லாவிட்டால் 5 நிமிடம் அமர்ந்து மறுபடி பார்த்து, அப்படியே இருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். பயத்தில் கூடுதலாக ஒரு மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டாம். சட்டென்று இறங்கினாலும் மூளைக்கு ரத்தம் குறையும். கர்ப்பிணிகளுக்குக் கணக்கே வேறு: 140/90 வந்தாலே அன்றே மருத்துவமனை.

அளவு இறங்க மறுத்தால்

முதலில் உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூன்கூட முழுதாக இல்லை. குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாட்டில் ஈடுகட்டினால் பலனில்லை. இந்துப்பும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டான் போன்ற பிபி மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் மாறக் கூடாது.

பிறகு மருந்துப்பை. மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், மூக்கடைப்பு மாத்திரை, ஸ்டீராய்டு எல்லாம் பிபியை ஏற்றும். இருமலுக்குத் தினமும் அதிமதுரம் சாப்பிடுபவர்களும் கவனிக்க வேண்டும். அது பொட்டாசியத்தைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டும்.

மிஷினும் ஏமாற்றலாம். பேட்டரி தீர்ந்திருக்கலாம், பட்டையில் காற்று கசியலாம். சீரற்ற துடிப்புக் குறி அடிக்கடி வந்தால் டிஜிட்டல் அளவை நம்பாமல் ஈசிஜி எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை மிஷினையே மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அங்குள்ள மிஷினோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நோட்டையும் கூடவே எடுத்துப்போங்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடமும் அதே நோட்டைக் காட்டலாம்.