வெறும் வேர்க் கன்றுகள்: குளிர்நாட்டில் எப்போது, எப்படி நடுவது

மண் ஒட்டாத வெறும் வேரோடு தபாலில் வரும் பழக்கன்றுகளை இங்கிலாந்தில் நவம்பர் முதல் மார்ச் வரை நடலாம். கனடாவின் தெற்கு ஒன்டாரியோவில் ஏப்ரல் பின்பாதி முதல் மே தொடக்கம் வரைதான் காலம். அங்கே இலையுதிர் காலத்தில் நட்டால், வேர் பிடிப்பதற்குள் மண் உறைந்து விடும். பிறகு உறைந்தும் இளகியும் கன்றையே மேலே தள்ளி விடும்.

தக்காளி நாற்றுக்குக் காத்திருப்பது போல, கடைசி உறைபனி போகட்டும் என்று இதற்கும் காத்திருக்காதீர்கள். மொட்டு விரியாமல் உறக்கத்தில் இருக்கும் கன்றைப் பனி ஒன்றும் செய்யாது. மே கடைசி வரை வைத்திருந்தால் இலை விரிந்துவிடும். அதற்கு நீர் ஏற்றித்தர வேர் இருக்காது.

தேதியைவிட மண்ணைப் பாருங்கள். ஒரு பிடி எடுத்து அமுக்குங்கள். உருண்டை விரலால் தட்டியதும் உதிர்ந்தால் நடலாம். நீர் கசிந்து உருண்டை அப்படியே நின்றால் பொறுங்கள். ஈரக் களிமண்ணில் தோண்டினால் குழியின் சுவர் மெழுகிவிட்டதுபோல் ஆகும். வேரும் உள்ளே போகாது, நீரும் வடியாது.

பொதி வந்த அன்றே

பிரித்துப் பாருங்கள். வேர் வளைய வேண்டும். காய்ந்து முறிந்தால் விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள். குழைந்து நாறினால் அழுகிவிட்டது. மரக்கன்று, ராஸ்பெர்ரி வேர்களை வாளி நீரில் ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். ஸ்ட்ராபெர்ரிக்கு அரைமணி போதும். நாள்கணக்கில் ஊறினால் வேருக்கு மூச்சு முட்டும். நடும்வரை வேரை ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். நுண்வேர்கள் காற்றிலும் வெயிலிலும் சில நிமிடங்களிலேயே காய்ந்துபோகும். கன்று சாகப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

உடனே நட முடியாதா? நிழலான ஓரத்தில் சிறு பள்ளம் தோண்டி, கன்றுகளைச் சாய்த்துக் கிடத்தி, வேரை ஈரமண்ணால் மூடிவிடுங்கள். உறக்கம் கலையாதவரை சில வாரங்கள் தாங்கும்.

மரக்கன்று

வேர் மடங்காமல் விரியும் அகலத்துக்குக் குழி, ஒரு மண்வெட்டி ஆழம். முட்டுக்கொம்பை முதலில் அடியுங்கள். பிறகு அடித்தால் வேர் கிழியும். குழிக்குள் கம்போஸ்ட் போடுவது எனக்கு உடன்பாடில்லை. அது மட்கியதும் மரம் கீழே இறங்கும், களிமண்ணில் குழியே தொட்டியாகி நீர் தேங்கும். தோண்டிய மண்ணையே திருப்பிப் போட்டு மிதித்து, மேலே 5 முதல் 7 செ.மீ. மூடாக்கு போடுங்கள். தண்டைத் தொடாமல்.

ஒட்டுப் பகுதி, அதாவது கீழே வேர் தரும் வேர்ச்செடியோடு நீங்கள் வாங்கிய ரகம் இணையும் இடம், மண்ணுக்கு மேல் சுமார் 10 செ.மீ. நிற்கட்டும். புதைத்துவிட்டால் ஒட்டின் மேல்பகுதியே வேர்விடும். குட்டை மரமென்று நம்பி வாங்கிய ஆப்பிள் பெரிதாக வளரும். மரத்தைக் குட்டையாக்கும் எம்9 என்ற வேர்ச்செடி மேல் ஒட்டிய மரத்துக்கு ஆயுள் முழுக்க முட்டுக்கொம்பு வேண்டும்.

ஆழம் ஒவ்வொன்றுக்கும் வேறு

ஸ்ட்ராபெர்ரியின் நடுக்குருத்து மண் மட்டத்தில் இருக்கட்டும். புதைந்தால் அழுகும், தூக்கி நின்றால் காயும். தண்டுக்காக வளர்க்கும் ரூபார்புக்கு மொட்டின் முனை மட்டத்தில் தெரிய வேண்டும், ஈரம் தேங்கும் மண்ணென்றால் 2 செ.மீ. மேலே. செடிக்குச் செடி 90 செ.மீ. முதல் வருடம் தண்டைப் பறிக்காதீர்கள். இலை நஞ்சு, கீரை என்று எண்ணிச் சட்டியில் போட்டுவிட வேண்டாம். கோடையில் காய்க்கும் ராஸ்பெர்ரியை 5 முதல் 8 செ.மீ. ஆழத்தில் வைத்து, தண்டை 25 செ.மீ. உயரம் விட்டு வெட்டுங்கள். சிறு கறுப்புப் பழம் தரும் பிளாக்கரன்ட் புதர் மட்டும் தண்டில் தெரியும் பழைய மண் தடத்தைவிட 5 செ.மீ. ஆழமாகப் போக வேண்டும், அப்போதுதான் மண்ணுக்கடியிலிருந்து புதுத் தண்டு வரும். நட்டதும் இதன் எல்லாத் தண்டையும் சில செ.மீ. விட்டு வெட்ட வேண்டும். மனம் வராது, வெட்டுங்கள்.

அஸ்பாரகஸ்: பலர் இடறுவது இங்கேதான்

இளங்குருத்தை உண்ணும் இந்தக் காய்கறிச் செடிக்கு மேலே சொன்ன காலக்கணக்கு பொருந்தாது. குளிர்ந்த ஈரமண்ணில் இதன் சதைப்பற்றுள்ள வேர் வேலை செய்யாமல் கிடந்து அழுகும். மண் 10 டிகிரி செல்சியஸ் ஆகட்டும். இங்கிலாந்தில் அது மார்ச் கடைசி அல்லது ஏப்ரல், ஒன்டாரியோவில் பெரும்பாலும் மே. விலை குறைந்த மண் வெப்பமானி ஒன்றை வாங்கி, காலையில் 10 செ.மீ. ஆழத்தில் குத்திப் பாருங்கள், தொடர்ந்து சில நாள். தோட்டத்துக்கென்று ஒரே ஒரு கருவி வாங்குவதாக இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

30 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழத்தில் நீளப் பள்ளம். அடியில் நன்றாக மட்கிய எருவைக் கிளறி, நடுவே 10 செ.மீ. உயர வரப்பு. வரப்பின் மேல் மொட்டுக் கொத்து மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, வேர்களைச் சிலந்திக் கால்போல் இருபுறமும் விரித்து விடுங்கள். இடைவெளி 30 முதல் 45 செ.மீ.

மொட்டின் மேல் 5 செ.மீ. மண் மட்டும் போடுங்கள். பள்ளத்தை அன்றே நிரப்பிவிடும் ஆசைதான் கெடுக்கிறது. மணல் கலந்த மண்ணென்றால் தப்பும். கனத்த களிமண்ணில் குருத்து மேலே வரத் திணறும். குருத்து வளர வளர மண்ணை இழுத்துவிட்டு, இலையுதிர் காலத்துக்குள் மட்டமாக்கினால் போதும்.

இரண்டு வருடம் ஒரு குருத்தையும் வெட்டக் கூடாது. வெட்டாமல் விட்ட குருத்து விரிந்து வரும் பச்சைத் தழைதான் வேரில் உணவைச் சேர்க்கிறது. மூன்றாம் வருடம் ஆறு வாரம் வெட்டலாம். ஆண்செடி மட்டும் வரும் ரகமாகப் பாருங்கள்: இங்கிலாந்தில் கியின்லிம், பாக்லிம், ஒன்டாரியோவில் குவெல்ஃப் மில்லேனியம். பெண்செடியின் சிவப்புப் பழம் விழுந்த இடமெல்லாம் நாற்று முளைத்துக் களையாகும். பழைய அஸ்பாரகஸ் பாத்தி இருந்த இடத்தில் புதிதாக நடாதீர்கள், ஃபியூசேரியம் பூஞ்சை மண்ணிலேயே தங்கியிருக்கும்.

பின்சேர்க்கை

பொதிக்குள்ளேயே வெளிறிய குருத்து வந்திருந்தால் பயமில்லை, நடலாம். இருட்டில் வளர்ந்த அந்தத் தளிருக்கு மட்டும் பனி ஆகாது. சில இரவுகள் பனி தடுக்கும் மெல்லிய தோட்டத் துணியால் மூடுங்கள்.

ஜூன் ஆகியும் மரக்கன்றில் இலை வரவில்லையென்றால் பிடுங்குவதற்கு முன் தண்டின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மழையில்லாத வாரங்களில் வாரத்துக்கு ஒரு வாளி, ஏறக்குறைய 10 லிட்டர், அடியில் மெதுவாக ஊற்றுங்கள். பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே சுரண்டிப் பாருங்கள். ஒட்டுக்குக் கீழே மட்டும் பச்சை இருந்தால் வேர்ச்செடிதான் பிழைத்திருக்கிறது. அதில் நீங்கள் வாங்கிய ரகம் வராது, பிடுங்கிவிடலாம்.