டெங்கு வந்தால் நடமாட்டக் கணக்கு எழுதுவது எப்படி?

வீட்டில் ஒருவருக்கு டெங்கு என்று ரிசல்ட் வந்ததும் நாம் செய்வது, சாயங்காலம் ஜன்னலைச் சாத்திவிட்டு கொசுவத்தி ஏற்றுவது. தப்பில்லை. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கிற ரகம். விடிந்து கொஞ்ச நேரமும் பொழுது சாய்வதற்கு முன்பும் அதற்கு நல்ல வேட்டை. அதோடு அது ஊர் சுற்றாது, பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து நூறு இருநூறு மீட்டருக்குள்ளேயே அதன் காலம் முடிந்துவிடும். ஊர் சுற்றுவது நாம்தான். பெரு நாட்டின் இக்கிடோஸ் நகரத்தில் காய்ச்சல் வந்தவர்கள் பகலில் எந்தெந்த வீட்டுக்குப் போனார்கள் என்று ஆய்வாளர்கள் விசாரித்துப் பார்த்தபோது, இப்படி வீட்டுக்கு வீடு போய்வருவதுதான் நோயை நகர்த்துகிறது என்று தெரிந்தது.

சரி, கொசு எங்கே கடித்தது என்று தேட ஒரு பேப்பரை எடுங்கள். கொசு கடித்து 4 முதல் 10 நாளில் காய்ச்சல் வரும். அதனால் காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, அந்த நாட்களில் பகலில் அரை மணி நேரமாவது உட்கார்ந்த இடங்களை எழுதுங்கள். ஞாபகம் வராது, வரவே வராது; போனில் எடுத்த போட்டோக்களையும் கூகுள் பேயில் பணம் போன கணக்கையும் பார்த்தால் பாதி வந்துவிடும். திரும்பத் திரும்ப வரும் இடத்தை வட்டம் போட்டு வையுங்கள். எனக்கு வந்தபோது என் வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் ஒரு கொசுப்புழு கிடைக்கவில்லை. பட்டியலில் நான்கு தடவை வந்தது அக்கா வீடு. கொல்லையில் யாரும் தொடாத ஆட்டுக்கல், அதன் குழியில் மழைத்தண்ணீர், குனிந்து பார்த்தால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நெளியும் புழுக்கள்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழையில் பொரிக்கும், அதனால் பிரஷ் போட்டுத் தேயுங்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டையும் மறக்காதீர்கள்.

அப்புறம் இரண்டாவது பட்டியல். காய்ச்சலுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே உங்களைக் கடிக்கிற கொசுவுக்கு வைரஸ் தொற்றலாம். 8 முதல் 12 நாள் கழித்து அது அடுத்தவருக்குக் கொடுக்கும். ஆகவே அந்த இரண்டு நாள் போன இடங்களையும் எழுதுங்கள். காய்ச்சல் என்றதும் அம்மா கைக் கஞ்சி குடிக்க ஊருக்கு பஸ் ஏறும் பழக்கத்தை இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள், அங்கே இருக்கும் கொசு உங்களைக் கடித்தால் அந்தத் தெருவுக்கே ஆரம்பம். காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு நாள் வரை பகலிலும் வலைக்குள்ளேயே படுங்கள்.

கடைசியில் பட்டியலில் உள்ளவர்களுக்குப் போன் செய்ய வேண்டும். கஷ்டமான வேலை இதுதான். “உங்க வீட்லதான் கடிச்சிருக்கு” என்று ஆரம்பித்தால் சண்டைதான் வரும். அக்கா என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. “என்னால உங்க வீட்டுக்கு வந்திருக்குமோன்னு பயமா இருக்கு, கொஞ்சம் பின்பக்கம் பாருங்களேன்” என்று கேளுங்கள், உடனே போய்ப் பார்ப்பார்கள்.