கிணற்று நீரில் அனாபிலஸ் தேடும் முறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வட்டாரத்தில் மலேரியாக் காய்ச்சல் பரவுகிறது என்ற பேச்சு எழுந்தால், முதலில் சாக்கடையில் மருந்து தெளிப்பார்கள். மாலையில் புகை அடிப்பார்கள். ஆனால் சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு யானைக்கால் நோயின் நுண்புழுவைச் சுமப்பதே தவிர மலேரியாவைச் சுமப்பதில்லை. மனிதரிடையே மலேரியா ஒட்டுண்ணியைக் கடத்துவது அனாபிலஸ் பேரினம் மட்டுமே; அதன் புழு பெரும்பாலும் தெளிந்த நீரில் வளர்கிறது. ஆகவே பள்ளி அறிவியல் மன்றமோ கல்லூரி மாணவரோ தம் ஊர்க் கொசுக்களை ஆராய விரும்பினால், சாக்கடையை விட்டுவிட்டுக் குடிநீர்க் கிணற்றிலிருந்து தொடங்குவதே முறை.

எந்த நீரில் எது வளரும் என்பதை அறிந்தால் பாதி வேலை முடிந்தது. கிணறு, மேல்நிலைத் தொட்டி, கட்டட வேலைக்குத் தேக்கிய சிமென்ட் தொட்டி ஆகியவற்றை அனாபிலஸ் ஸ்டெபன்சி என்ற சிற்றினம் விரும்பும். வயல் வாய்க்கால், நடவு முடிந்த புது வயல், ஆற்று மணலில் தேங்கிய குட்டை ஆகியவை அனாபிலஸ் குலிசிஃபேசிஸின் இடங்கள். சித்தூர்ப்புழை ஆற்றில் நீர்வரத்து குறைந்தபின் மணற்பள்ளங்களில் எஞ்சும் நீரை இதற்காகவே பார்க்க வேண்டும். மலையடிவாரத்தில் மெல்ல ஓடும் ஓடைகளின் ஓரம் அனாபிலஸ் ஃபுளூவியாடிலிஸுக்கு உரியது. ஆகாயத்தாமரை படர்ந்த குளத்தில் மான்சோனியா என்ற கொசு இருக்கக்கூடும். அதன் புழு செடியின் வேரைத் துளைத்து அங்கிருந்தே மூச்சுவிடுவதால், நீரை மட்டும் மொண்டு பார்ப்பவர் கண்ணில் அது படாது.

கருவிகள் எளியவை. நீளக் காம்பு கட்டிய வெள்ளை அகப்பை, வெள்ளைத் தட்டு, சொட்டுக்குழாய், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், குறிப்பேடு, பென்சில் போதும். ஆய்வாளர்கள் ஏறத்தாழ 350 மில்லி கொள்ளும் அகப்பையைப் பயன்படுத்துகிறார்கள். அது கிடைக்காவிட்டால் வெள்ளைக் குவளையே போதுமானது, ஆனால் ஆய்வு முடியும்வரை அதே குவளையை மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டும். பென்சில் என்று வலியுறுத்தக் காரணம் உண்டு: முதல் ஆண்டில் நான் மைப்பேனாவால் எழுதிய ஒரு வாரக் கணக்கு முழுவதும் வாய்க்கால் நீரில் கரைந்து போயிற்று.

நீரை அணுகும்போது உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது. நிழலோ அதிர்வோ பட்டதும் புழுக்கள் அடியில் மூழ்கிவிடும்; அப்படி நேர்ந்தால் இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் காத்திருக்க வேண்டும். பிறகு அகப்பையைச் சாய்வாகப் பிடித்து, விளிம்பு மட்டும் நீரில் அமிழுமாறு ஓரத்துப் புல்லை ஒட்டி மெல்ல இழுத்தால், மேல்மட்ட நீர் தானாக உள்ளே வழியும். ஓரிடத்தில் பத்து முறை மொண்டு, ஒவ்வொரு முறையும் எத்தனை புழு என்று தனித்தனியே எழுதுங்கள். கிணற்றில் வெள்ளை வாளியைக் கயிற்றில் இறக்கி, சுவரோரமாகச் சரித்து மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். ஆழத்தில் மூழ்கடித்து இழுத்தால் வெறும் தண்ணீர்தான் வரும்.

தட்டில் ஊற்றியதும் அடையாளம் காண்பது கடினமன்று. கியூலெக்ஸ், ஏடிஸ் புழுக்களின் வால்பக்கத்தில் மூச்சுக்குழல் இருப்பதால் அவை தலைகீழாகச் சரிந்து தொங்கும். அனாபிலஸுக்கு அக்குழல் இல்லாததால், நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடைவாக, மிதக்கும் வைக்கோல் துணுக்குப் போலக் கிடக்கும். இங்குள்ள மலையாளிகள் கொசுப்புழுவைக் கூத்தாடி என்பார்கள். துள்ளி நெளியும் கியூலெக்ஸுக்கு நன்றாகப் பொருந்தும் அப்பெயர், சத்தமின்றிக் கிடக்கும் அனாபிலஸை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறதோ என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

புழு எதுவும் கிடைக்காத முறைகளையும் சுழியம் என்று எழுதியே ஆக வேண்டும். பலர் இதைத் தவிர்த்துவிட்டு, கிடைத்ததை மட்டும் குறிப்பதால், பத்தில் ஒரு முறை புழு வந்த கிணறும் பத்திலும் வந்த கிணறும் ஏட்டில் ஒன்றுபோலத் தெரிகின்றன. நம் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும் என்பதால், வாரந்தோறும் ஒரே நாளில் அதே இடங்களைப் பார்ப்பது போதும்.

கால்புள்ளி போல வளைந்த கூட்டுப்புழுக்களை, வலைத்துணி இறுகக் கட்டிய டம்ளரில் வைத்தால் ஓரிரு நாளில் கொசு வெளிவரும்; அதைப் பறக்கவிடாமல் டம்ளரோடு உறைபெட்டியில் வைத்துக் கொன்றபின் லென்ஸில் பாருங்கள். அனாபிலஸின் இறக்கையில் பொதுவாகக் கருப்பும் வெளுப்புமான பொட்டுகள் தெரியும். மலேரியாவைக் கொசு கடத்துகிறதா என்று ஆராய்ந்த மருத்துவர் ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்தராபாத்தில் வெற்றி கண்டது இத்தகைய பொட்டு இறக்கைக் கொசுவில்தான். மலேரியா நோயாளியின் இரத்தத்தைக் குடித்த அக்கொசுவின் இரைப்பைச் சுவரில் அவர் ஒட்டுண்ணியின் நிறமித் துகள் கொண்ட அணுக்களைக் கண்டார். அக்கொசுவின் பெயர் அவருக்கு அப்போது தெரியாது. எந்தச் சிற்றினம் என்று உறுதிசெய்வது பயிற்சி பெற்ற பூச்சியியல் வல்லுநரின் வேலை. மாதிரியை நாள், இடம் எழுதிய சீட்டோடு அவரிடம் ஒப்படையுங்கள்.

வளர்ந்த கொசுவைத் தேட விடியற்காலை மாட்டுத்தொழுவமே சிறந்தது, ஏனெனில் குலிசிஃபேசிஸ் மாட்டிரத்தத்தைப் பெரிதும் நாடும். டார்ச் ஒளியில் சுவரைப் பார்த்தால், அனாபிலஸ் பொதுவாக வால்பக்கத்தைத் தூக்கிச் சாய்வாக அமர்ந்திருக்கும். அதன்மேல் சோதனைக்குழாயைக் கவிழ்த்துப் பிடித்துப் பஞ்சால் அடைத்து, எவ்வளவு நேரத்தில் எத்தனை என்று கணக்கெழுதுங்கள். கையை நீட்டிக் கடிக்கவிட்டுப் பிடிக்கும் வழியை மாணவர்கள் ஒருபோதும் கையாளக்கூடாது.

கொசு இருப்பதாலேயே நோய் பரவுகிறது என்று முடிவு கட்டிவிடக்கூடாது. ஒட்டுண்ணி அதன் உடலில் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடையப் பொதுவாகப் பத்து நாள் அல்லது அதற்கு மேலும் ஆவதால், அவ்வளவு நாள் உயிரோடிருந்த பெண் கொசுதான் ஆபத்தானது. சுரப்பியை உப்புநீர்த் துளியில் பிரித்து நுண்ணோக்கியில் பார்ப்பது ஆய்வகத்துக்கு உரிய பணி.

புழு கண்ட கிணற்றின் விவரத்தைச் சுகாதார ஆய்வாளரிடம் கொடுங்கள். குடிநீரில் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன் விடுவதும் கொசுவலை போர்த்துவதும் போதும். வலை போர்த்திய கிணற்றை அடுத்த வாரம் மீண்டும் பார்க்கும்போது, வாளிக் கயிறு இறங்கும் ஓட்டையை முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதை மூடாமல்தான் விட்டிருப்பார்கள்.