மட்டக்களப்புல வீட்டுக்குப் போய் ஞாபக டெஸ்ட் வைக்கிறது எப்பிடி?

மூளையும் ஞாபகமும் பற்றி மாஸ்டர்ஸ் செய்ய நினைக்கிற தம்பி தங்கச்சிமார், பெரிய மெஷின் இல்லயே எண்டு யோசிக்க வேணாம். 1953ல ஹென்றி மொலைசன் எண்ட நோயாளிக்கு வலிப்புக்காக, மூளையில புது ஞாபகத்தப் பதிய வைக்கிற ஹிப்போகாம்பஸ் எண்ட பகுதியில ரெண்டு பக்கமும் பெரும் பகுதிய எடுத்தாங்க, பிறகு அவரால சொன்னத உடன திருப்பிச் சொல்ல ஏலும், ஆனா கவனம் கொஞ்சம் மாறினா எல்லாம் போயிடும். பிரெண்டா மில்னர் எண்ட உளவியல் ஆராய்ச்சியாளர் அவர வச்சு செய்த பேர்போன டெஸ்ட் ஒண்டுக்கு பென்சிலும் முகம் பாக்கிற கண்ணாடியும்தான் தேவைப்பட்டது.

அவர் மாதிரி உடன சரியாச் சொல்லிட்டு பிறகு மறக்கிற ஆக்களும் இரிக்கிறதால, பிந்திக் கேக்கிறதுதான் முக்கியம். 15 சொல்ல செக்கனுக்கு ஒண்டா வாசிச்சு, ஞாபகமுள்ளத சொல்லச் சொல்லுங்க, இப்பிடி அஞ்சு தரம். பிறகு 20, 30 நிமிசம் படம் கீறுறது மாதிரி வேலை ஏதும் குடுங்க, சொல்லு சம்பந்தமான வேலை வேணாம், பட்டியலோட கலந்துடும். பிறகு வாசிக்காமலே திருப்பிக் கேளுங்க.

கூட மினக்கெட வேண்டியது சொல்லுகளத் தெரிவு செய்றதுலதான். பாய், உரல், குடை மாதிரி எல்லாரும் பாவிக்கிற சின்னச் சொல்லு எடுங்க, எல்லாம் மீன் பேரா வந்தா ஒண்டு மத்தத இழுத்துட்டு வரும். கல்லடி, நாவலடிப் பக்கம் போறீங்க எண்டா கடல், அலை ரெண்டையும் கட்டாயம் வெட்டிடுங்க. 2004 டிசம்பர் 26 சுனாமியக் கண்ட ஆக்களுக்கு அது வெறும் சொல்லில்ல, உணர்ச்சியோட சேர்ந்தத மூளையில உள்ள அமிக்டலா எண்ட பகுதி இறுக்கமாப் பதிய வைக்கும், ரிசல்ட்டும் கோணும். டேட்டாவ விடுங்க, ஒரு அம்மாட மனச டெஸ்ட் எண்டு சொல்லிக் கிளற நமக்கு உரிமை இல்ல.

கம்பஸ் எதிக்ஸ் கமிட்டி அனுமதி, சம்மதக் கையெழுத்து, காது வடிவாக் கேக்குதா எண்டு பாக்கிறது, இதெல்லாம் முதலே முடிக்கணும்.

வீட்டுல இன்னொரு விசயம் இரிக்கு, அம்மம்மா கண்ண மூடி யோசிக்கக்குள்ள பேத்தி கதவடியில நிண்டு "உரல் அம்மம்மா, உரல்!" எண்டு சொல்லிக்குடுக்கும். பாசத்துல செய்றதுதான், ஆனா அந்த டேட்டா போச்சு, அதனால தொடங்க முதல் புள்ளைகளுக்கு பேப்பரும் கலர் பென்சிலும் குடுத்து முத்தத்துல இருத்துங்க.

பட்டியல்ல இல்லாத சொல்லு சொன்னாலும் அப்பிடியே எழுதுங்க, அதுவும் டேட்டாதான். கடைசியா, அந்த 15ஐயும் புதுசா 15ஐயும் கலந்து வாசிச்சு, முதல் கேட்டதா எண்டு கேளுங்க. சுயமா சொல்ல ஏலாதவர் இதுல சரியாச் சொன்னா சொல்லு பதிஞ்சிரிக்கு, எடுக்கிறதுலதான் கஷ்டம். இதுலயும் தடுமாறினா பதியிறதுலயே பிரச்சினை இரிக்கலாம், ஆனா அவருக்கு மறதி நோய் எண்டு நீங்க சொல்லிடாதீங்க, டொக்டர் ஒருத்தர்ட்ட காட்டச் சொல்லி மெதுவா வீட்டாக்கள்ட்ட கதைங்க.