கிணற்றடியிலிருந்து கட்டுரைக்கு: பிள்ளைகளுக்குத் தரவு பழக்குவது

வறட்சி பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் தரம் 9 பிள்ளை "எமது பிரதேசத்தில் நீர்மட்டம் வெகுவாகக் குறைந்துள்ளது" என்று எழுதிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடும். எவ்வளவு குறைந்தது, எந்த மாதம், யாருடைய கிணற்றில்? இதைப் பிள்ளை தானே கேட்கப் பழக வேண்டும். வன்னியில் அதற்குக் கணினி தேவையில்லை, வளவுக்கு வளவு கிணறு இருக்கிறது.

ஏழு பிள்ளைகளுக்குக் கயிறும் கல்லும் கொடுங்கள். வைகாசி முதல் ஆவணி வரை சனிக்கிழமை காலையில், மோட்டர் போட முதல், தரையிலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே என்று அளந்து கொப்பியில் எழுதட்டும். கிணற்றுக் கட்டின் விளிம்பிலிருந்து அளந்தால் கட்டின் உயரத்தைக் கழிக்க வேண்டும், ஏனென்றால் ஒரு வீட்டுக் கட்டு இரண்டடி, இன்னொரு வீட்டில் மூன்றடி, கழிக்காமல் ஒப்பிடவே முடியாது. பெரியவர் ஒருவர் கட்டாயம் பக்கத்தில் நிற்க வேண்டும், கட்டில்லாத கிணறு வேண்டவே வேண்டாம். எண் கூடினால் தண்ணீர் குறைகிறது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள், அநேகம் பேர் தடுமாறுவது அதில்தான்.

சரி, எண்கள் வந்துவிட்டன. உதாரணத்துக்கு ஒரு சனிக்கிழமை ஏழு கிணறுகளிலும் 9, 10, 11, 11, 12, 12, 26 அடி என்று வைப்போம். இடை, அதாவது எல்லாவற்றையும் கூட்டி ஏழால் வகுத்தால் வருவது, 13. ஆனால் ஏழில் ஆறு கிணறுகளில் தண்ணீர் 13 அடிக்கு மேலேயே நிற்கிறது! அந்த 26 தான் இடையை இழுத்துவிட்டது. இடையம், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண், 11, ஊரின் நிலையை அதுதான் சரியாகச் சொல்கிறது. கணிதப் பாடத்தில் மனப்பாடம் செய்த இடையம் எதற்கென்று பிள்ளைக்கு இங்கேதான் விளங்கும். 26ஐ அழிக்க விடாதீர்கள், அந்த வளவுக்குப் போய் ஏன் என்று கேட்டுவரச் சொல்லுங்கள், கட்டுரையின் நல்ல பந்தி அங்கிருந்து வரும்.

எழுதும்போது, "ஏழு கிணறுகளில் ஆறில் தண்ணீர் 9 முதல் 12 அடி ஆழத்தில் இருந்தது" என்று கண்டதை முதலில் எழுதட்டும், காரணம் பிறகு. இரணைமடுக் குளத்து வாய்க்காலுக்குக் கிட்டவுள்ள கிணற்றில் தண்ணீர் மேலே நின்றால், வாய்க்கால் கசிவு காரணமாக "இருக்கலாம்" என்று மட்டும் எழுதலாம். சிறுபோக நெல்லுக்கு வாய்க்காலில் தண்ணீர் திறந்த வாரத்தையும் பூட்டிய வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிள்ளை கொஞ்சம் துணிந்து எழுதலாம்.

அளக்க மறந்த வாரத்துக்கு ஊகித்து எண் போட விடாதீர்கள். கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும், கட்டுரையிலும் "அந்த வாரம் அளக்கவில்லை" என்று எழுதட்டும்.